அந்தமானும் எட்டு போர்டிங் பாஸும்

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் இரண்டே கால் மணி நேரம்தான். அந்தப் பயணத்தின் தாள்களோடு என் கணவர் போராடியது ஒரு மாதம்!

மத்திய அரசு ஊழியரான அவருக்குக் கிடைத்த எல்.டி.சி. சலுகையில் நாங்கள் நான்கு பேரும் முதன்முதலாக விமானம் ஏறினோம். டிக்கெட்டை இஷ்டப்பட்ட இடத்தில் போட முடியாது. பால்மர் லாரி, அசோக் டிராவல்ஸ், ஐ.ஆர்.சி.டி.சி. மூன்றில் ஒன்றில்தான், அதுவும் 21 நாளுக்கு முன்பே போடச் சொல்கிறது 2022-ல் வந்த விதி.

"போன்லயே போட்டுடலாமேங்க?"

"அந்த டிக்கெட்டுக்கு ஒரு பைசா தர மாட்டாங்கம்மா."

போர்ட் பிளேருக்கு இப்போது ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அபர்தீன் பஜாரில் தமிழிலேயே பேரம் பேசினேன். ஜனவரியில் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது, காலையிலேயே கிளம்பிவிடுங்கள். செல்லுலார் ஜெயிலின் ஏழு கிளைகளில் மூன்றுதான் மிச்சம். ஒரு கிளையின் முகப்பு, அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். கைதிகள் ஒருவரையொருவர் பார்த்துவிடக் கூடாதாம். அந்தச் சின்ன அறைக்குள் நின்றபோது, வாயாடியான என் இளைய மகளுக்கே பேச்சு வரவில்லை.

ஹேவ்லாக் தீவின் ராதாநகர் கடற்கரையில் பிள்ளைகள் ஈரத்தோடு ஓடிவந்தால், இவர் முதலில் பையைத்தான் நகர்த்துவார். உள்ளே போர்டிங் பாஸ்! இ-டிக்கெட்டை எத்தனை பிரின்ட் வேண்டுமானாலும் எடுக்கலாம். அது டிக்கெட் வாங்கியதற்குத்தான் சாட்சி. பறந்ததற்குச் சாட்சி போர்டிங் பாஸ்தான்.

ஊர் திரும்பியதும், பத்திரமாக இருக்கட்டுமே என்று போகும்போது வாங்கிய நான்கையும் லேமினேஷனுக்குக் கொடுத்தார். ஏ.டி.எம். ரசீது போல அதுவும் சூடு பட்டால் கறுக்கும் தாள். மிஷினின் மறுபக்கம் நான்கும் கரியாக வெளியே வந்தன.

முன்பணம் வாங்கியிருந்ததால், திரும்பிய ஒரு மாதத்துக்குள் பில் கொடுத்தாக வேண்டும். தவறினால் முழுப் பணத்தையும் வட்டியோடு பிடித்துக்கொள்வார்கள். வரப்போகும் மாதத்துக்குப் பள்ளிக் கட்டணம் வேறு. இரண்டு பேருக்கும் தூக்கமே இல்லை.

அவருடைய செக்ஷனில் ஒரு பெரியவர்தான் வழி சொன்னார். "விமான கம்பெனிக்கு பி.என்.ஆர்., டிக்கெட் நம்பர் போட்டு மெயில் அனுப்புப்பா. பறந்ததுக்கு சர்டிபிகேட் தருவாங்க."

பதினோராம் நாள் வந்தது. பில்லும் பாஸானது. இப்போதெல்லாம் போர்டிங் பாஸ் கைக்கு வந்ததுமே போனில் படம் எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டுவிடுகிறோம்.

கறுத்துப்போன நான்கில் ஒன்றை, இளையவள் தன் கதைப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்திருக்கிறாள்.