கடலுக்குள் ஒரு கடிகாரம்

என் டைவிங் குரோனோகிராஃபுக்குள் ஓடுவது வால்ஜூ 7750 இயந்திரம். அதன் ரோட்டார் ஒரு பக்கம் சுற்றும்போதுதான் ஸ்பிரிங் முறுக்கேறும். மறுபக்கம் சும்மா சுழலும். கையை உதறினால் அந்த அதிர்வு மணிக்கட்டில் தெரியும். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

தண்ணீரில் இறங்குமுன் கிரவுனைத் திருகி இறுக்கியாயிற்றா என்று பார்ப்பேன். உள்ளே போனபின் பக்கவாட்டுப் பொத்தான்களைத் தொடவே மாட்டேன். சில மாடல்களைத் தவிர, அழுத்தினால் தண்ணீர் புகுந்துவிடலாம். நேரம் பார்க்க வெளிவளையம் போதும். அது ஒரே திசையில்தான் திரும்பும். தெரியாமல் இடித்து நகர்ந்தாலும், மூழ்கிய நேரத்தைக் கூட்டித்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. உயிர் காக்கும் யோசனை அது!

கரையேறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். 200 மீட்டர் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள், ரப்பர் வாஷர் தேயும். வருஷத்துக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்துவிடுங்கள்.