கப்பலில் ஏழு இரவு

2022 ஜூனில் சென்னையிலிருந்து வந்த உல்லாசக் கப்பல் ஒன்று, அனுமதி கிடைக்காமல் நம் புதுச்சேரிக் கடலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனது நம்மூர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். அன்று முதல், கடற்கரைச் சாலையில் என்னோடு காலை நடை வரும் நண்பர்களுக்குக் கப்பல் பயணத்தின் மேல் ஒரு கண். "நீங்கள் போய் வந்தவர்தானே, எவ்வளவு ஆகும்? வாந்தி வருமா? சோறு கிடைக்குமா?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன்.

நான் போனது 2018 அக்டோபரில். அப்போது எனக்கு 68 வயது. போனதற்குக் காரணம் என் அக்கா.

அக்கா 1964-இல், தன் இருபதாவது வயதில், சொல்தா மாமாவைக் கட்டிக்கொண்டு பம்பாயில் பிரெஞ்சுக் கப்பல் ஏறி, சூயஸ் கால்வாய் வழியாக மார்சேய் போய் இறங்கியவள். அதன் பிறகு ஊருக்கு வந்து போனதெல்லாம் விமானத்தில்தான். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரிகிற வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும் மறுபடி அவள் கப்பலில் கால் வைத்ததில்லை. 2016-இல் மாமா காலமானார். பிள்ளைகள் பாரிஸ் பக்கம். தொலைபேசியில் பேசும்போது சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்தாள். "ஒரு வாரம் அண்ணியோட எங்கேயாவது போயிட்டு வரலாங்க" என்று யோசனை சொன்னது என் மனைவி. அக்காவுக்கு முழங்கால் வலி, இதயத்துக்கு மாத்திரை. தினம் ஒரு ஓட்டலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைய முடியாது. கப்பலென்றால் பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். கட்டிலும் கழிப்பறையும் நம்மோடேயே ஊர் ஊராக வரும். எங்கள் வயதுக்காரர்களுக்குக் கப்பலின் பெரிய லாபம் இதுதான்.

நான் கருவூலத்தில் 34 வருஷம் எழுத்தராக இருந்தவன். உடனே ஒரு கோப்பு திறந்துவிட்டேன். அந்தக் கோப்பிலிருந்து உங்களுக்குப் பயன்படக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, விசா. எங்கள் கப்பல் மார்சேயில் கிளம்பி ஜெனோவா, சிவித்தாவெக்கியா, பலெர்மோ, மால்டாவின் வலெத்தா, பார்சிலோனா என்று சுற்றி மறுபடி மார்சேய்க்கே வந்தது. பிரான்ஸ், இத்தாலி, மால்டா, ஸ்பெயின் நான்கும் ஷெங்கன் நாடுகள் என்பதால் ஒரே விசா போதும். ஆனால் ஏஜெண்ட் முதலில் காட்டிய பயணத்தில் துனிஸ் இருந்தது. துனிசியா ஷெங்கனில் இல்லை. அங்கே போய் வந்தால் ஐரோப்பாவை விட்டு வெளியேறி மறுபடி நுழைந்த கணக்கு. ஒருமுறை மட்டும் நுழையும் விசாவை வைத்துக்கொண்டு அப்படிப் போனால் தகராறு. ஏஜெண்டிடம் கேட்டால், "அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டார்கள் சார்" என்றார். யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பிக் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டவர்களை நான் ஆபீசில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தப் பயணத்தை விட்டுவிட்டேன். துருக்கியையும் சேர்த்துப் போகும் கப்பலென்றாலும் இதைக் கவனியுங்கள். துருக்கிக்குத் தனி விசா வேண்டுமா என்றும் விசாரியுங்கள். சிங்கப்பூரில் ஏறி மலேசியா, தாய்லாந்து சுற்றி வரும் கப்பலிலும் நீங்கள் சிங்கப்பூருக்குள் இரண்டு முறை நுழைகிறீர்கள். எங்கே போனாலும் பலமுறை நுழையும் விசாவாகவே கேளுங்கள்.

பிரான்சில் உறவினர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு அவர்கள் ஊர் மெரியில் வாங்கி அனுப்பும் அத்தெஸ்தாசியோன் தேவை என்பது நம்மூரில் பாதிப்பேருக்குத் தெரியும். கப்பலில் இருக்கும் நாட்களுக்குக் கப்பல் சீட்டையும் அதோடு இணைக்க வேண்டும். ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு காட்ட வேண்டும். விசாவுக்காக என்று மலிவானதை வாங்காதீர்கள். கப்பலில் ஏற்படும் செலவைத் தருவார்களா, முன்பே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தத்தைச் சேர்ப்பார்களா என்று படித்துப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, அறை. ஜன்னல் இல்லாத உள்ளறை, ஜன்னல் அறை, பால்கனி அறை என்று விலை ஏறிக்கொண்டே போகும். உயரத்தில் இருப்பது உசத்தி என்று நினைக்க வேண்டாம். ஆட்டம் குறைவாகத் தெரிவது கீழ்த்தளங்களில், கப்பலின் நடுப்பகுதியில். லிப்டுக்குப் பக்கமாகவும் கேளுங்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடந்தாலே முழங்கால் சொல்லிவிடும். மூன்று பேர் ஓர் அறை என்றால் மூன்றாவது படுக்கை சில கப்பல்களில் ஏணி வைத்து ஏறும் மேல்கட்டில். நான் சோபாக் கட்டில் உள்ள அறையாகக் கேட்டு வாங்கினேன். தனி ஆளாகப் போனால் ஓர் ஆளுக்கான விலையில் அறை கிடைப்பது அரிது. ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் ஆகிவிடும்.

மூன்றாவது, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இல்லாத செலவுகள். எங்களுக்குச் சேவைக் கட்டணம் மட்டும் தலைக்கு இரவு ஒன்றுக்கு 10 யூரோ. மூன்று பேருக்கு ஏழு இரவு, 210 யூரோ. சாப்பாட்டு மேசையில் வைக்கும் தண்ணீர் பாட்டிலுக்குக்கூடக் காசு. இணையத்துக்குத் தனி, ஊர் சுற்றிக் காட்டும் பேருந்துக்குத் தனி. எல்லாம் அறைச்சாவி அட்டையில் ஏறிக்கொண்டே போகும், கையிலிருந்து நோட்டு போகாததால் மனசுக்கு வலிக்காது. தினம் இரவு கணக்கைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். நான் பார்த்தேன், நாங்கள் குடிக்காத இரண்டு காப்பியைக் கழித்துக் கொடுத்தார்கள்.

நான்காவது, மருந்து. கப்பலில் ஏறும்போது பெரிய பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அது அறைக்கு வந்து சேர மாலையாகிவிடும். அதனால் மாத்திரை, சீட்டு, ஒரு மாற்றுத்துணி எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். மருத்துவர் சீட்டில் மருந்தின் கம்பெனிப் பெயரை மட்டும் எழுதாமல் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். நம்மூர்ப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. குமட்டலுக்கு மருத்துவரைக் கேட்டு மாத்திரையும், அவரைக் கேட்காமலேயே இஞ்சி மரப்பாவும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்சேயை ஒட்டிய லியோன் வளைகுடாவில் மிஸ்த்ரால் காற்று அடித்தால் பெரிய கப்பலும் ஆடும். கடைசி இரவு எங்களுக்கு ஆடியது. மரப்பா கைகொடுத்தது.

முதல் நாள் ஆபத்துக்காலப் பயிற்சி என்று கூப்பிடுவார்கள். தூக்கம் வருகிறது என்று அறையில் படுத்துவிடாதீர்கள். 2012 ஜனவரியில் இத்தாலியின் ஜிலியோ தீவருகே பாறையில் மோதிச் சாய்ந்த கப்பலில் 32 பேர் இறந்தார்கள். உங்கள் உயிர்காப்புப் படகு எந்தப் பக்கம் என்று நடந்தே போய்ப் பார்த்து வையுங்கள்.

சோற்றுக்குப் பஞ்சமில்லை. சைவம் என்று பயணம் பதியும்போதே சொல்லிவிட வேண்டும். வெள்ளைச்சோறும் தயிரும் தினமும் கிடைத்தன. ஊறுகாய் என் மனைவியின் பையிலிருந்து வந்தது.

இவ்வளவையும் சரியாகச் செய்த நான் ஒரு பெரிய தப்பும் செய்தேன்.

ஆறு துறைமுகத்துக்கும் மணி வாரியாக அட்டவணை போட்டிருந்தேன். எத்தனை மணிக்கு இறங்குவது, எந்தக் கோயில், எத்தனை நிமிஷம் என்று கட்டம் கட்டி எழுதியிருந்தேன். "ரிட்டயர் ஆகி எட்டு வருஷமாச்சுங்க" என்று மனைவி சிரித்தாள். நான் கேட்கவில்லை. சிவித்தாவெக்கியாவில் இறங்கினால் ரோமாபுரி பார்க்கலாம் என்று விளம்பரத்தில் இருக்கும். ரோமாபுரி அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர் என்பதைச் சின்ன எழுத்தில் போடுவார்கள். கப்பல்காரர்கள் நடத்தும் பேருந்துக்கு விலை அதிகம் என்று, நான் இரண்டு பெண்களையும் ரயிலில் கூட்டிப் போனேன். துறைமுகத்திலிருந்து பேருந்து, அப்புறம் ஸ்டேஷனுக்கு நடை, ரயில், இறங்கி மறுபடி நடை, புனித பேதுரு பேராலய வாசலில் வெயிலில் வரிசை. அக்கா ஒன்றும் சொல்லாமல் வந்தாள். திரும்பும்போது ரயில் 40 நிமிஷம் தாமதம். உட்கார இடமில்லை. கப்பல்காரர்களின் பேருந்தில் போனவர்களுக்காகக் கப்பல் காத்திருக்கும். தானாகப் போனவர்களுக்குக் காத்திருக்காது. ஏறக் கடைசி நேரம் ஆறரை. நாங்கள் ஏணிப்படி ஏறியது 6.22-க்கு. ஏறியதும் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது, உதடு வெளுத்துப் போயிற்று.

சக்கர நாற்காலியில் வைத்துக் கப்பல் மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். இசிஜி எடுத்தார்கள். இரண்டு மணி நேரம் நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். களைப்புதான், பயமில்லை, நாளை முழுக்க ஓய்வு என்றார் மருத்துவர். பில் 140 யூரோ, அட்டையில் ஏறியது. பில்லின் அசலைக் கேட்டு வாங்கி வையுங்கள். கட்டிவிட்டுத்தான் காப்பீட்டில் திரும்பக் கேட்க முடியும். பேருந்துக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்தது அதில் பாதிகூட இல்லை.

மறுநாள் பலெர்மோ. நாங்கள் இறங்கவில்லை. மனைவி அறையில் தூங்க, நானும் அக்காவும் மேல்தளத்தில் நிழலில் உட்கார்ந்தோம். கப்பலில் இருந்தவர்களில் பாதிக்கு மேல் ஊர் பார்க்க இறங்கிவிட்டதால் ஒரே அமைதி.

"தம்பி, நான் ஊர் பார்க்கவா வந்தேன்? உன்னோட உட்கார்ந்து பேசத்தானே வந்தேன்" என்றாள்.

பேசினாள். 1964 கப்பலைப் பற்றி நாங்கள் கேட்டிராததெல்லாம் சொன்னாள். பெண்கள் அறையில் எட்டுப் பேர், மாமா வேறு தளத்தில். செங்கடலில் அம்மா கட்டிக்கொடுத்த ஊறுகாய் ஜாடி உருண்டு உடைந்ததும், அதற்காக ஒரு நாள் முழுக்க அழுததும். "மார்சேயில் இறங்கினதும் அம்மாவுக்குக் கடிதம் போட்டேன். எனக்கு இங்கே இருக்க முடியலை, அப்பாவை அனுப்பி என்னைக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்கன்னு எழுதினேன். அம்மா பதிலில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெண்ணைக் கரையேத்தியாச்சுன்னு விட்டுட்டாங்கன்னு நினைச்சேன்."

எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அக்காவின் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டியது பதினாலு வயசுப் பையனான நான்தான். அந்த வரியை நான் படிக்கவில்லை. அக்கா போனதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள். இதைச் சொன்னால் படுத்துவிடுவாள் என்று பயந்து, தாண்டிப் படித்துவிட்டேன். பதில் எழுதியதும் நான்தான். அம்மா சொன்னதை மட்டும் எழுதினேன். 1981-இல் அம்மா போகும்வரை சொல்லவில்லை. பிறகு எனக்கே மறந்துபோன மாதிரி வைத்துக்கொண்டேன்.

அன்றைக்குச் சொன்னேன். அக்கா ரொம்ப நேரம் பேசவில்லை. துறைமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ அம்மாவுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாது என்றேன். "தெரியாதா" என்று இன்னொரு முறை கேட்டாள். "சரி, வா, பசிக்குது" என்று எழுந்தாள். என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள்.

அட்டவணையைக் கிழித்துப் போட்டேன். வலெத்தாவில் மட்டும் இறங்கினோம். அங்கே துறைமுகப் பக்கத்திலிருந்து மேலே உள்ள பூங்காவுக்கு 58 மீட்டர் உயரத்துக்கு லிப்ட் இருக்கிறது, முழங்கால்காரர்களுக்கு வரம். மேலே பெஞ்சில் உட்கார்ந்து பகல் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பதைப் பார்த்துவிட்டு வந்தோம். பார்சிலோனாவில் இறங்காமல் மூவரும் சீட்டாடினோம்.

ஆகவே நண்பர்களே, ஐந்தாவது குறிப்பு இது. துறைமுகம் ஒவ்வொன்றிலும் இறங்க வேண்டும் என்று சட்டமில்லை. ஊர் துறைமுகத்திலிருந்து எத்தனை தூரம், கப்பல் கரையை அணைந்து நிற்குமா அல்லது நடுக்கடலில் நிறுத்திப் படகில் இறக்குவார்களா என்று முன்பே பாருங்கள். படகென்றால் ஆட்டத்தில் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். ஒரு நாள் இறங்கினால் ஒரு நாள் இறங்காமல் இருங்கள். தூர ஊர் என்றால் கப்பல்காரர்கள் பேருந்திலேயே போங்கள். மிச்சம் பிடிக்க வேறு இடம் நிறைய இருக்கிறது.

முக்கியமாக, யாரோடு போக வேண்டும் என்று நினைக்கிறீர்களோ அவரோடு சீக்கிரம் போய்விடுங்கள். அக்கா 2021-இல் போய்விட்டாள். கொரோனா காலம், என்னால் போக முடியவில்லை. அந்தக் கப்பல் கோப்பு இன்னும் அலமாரியில் இருக்கிறது. கடைசித் தாள் மருத்துவரின் 140 யூரோ பில். காப்பீட்டில் அதைத் திரும்பக் கேட்க அக்கா விடவில்லை. "போகட்டும் தம்பி, அந்தக் காசுக்கு ஒரு நாள் பேசினோமில்ல" என்றாள்.