கடலே பாடநூல்

மும்பையில் வளரும் நம் பிள்ளைகளுக்குக் கடல் என்பது ஞாயிற்றுக்கிழமைக் காட்சி. சுண்டலுக்குப் பதிலாகப் பேல்பூரி. மற்றபடி நாம் மெரினாவில் கண்ட பொழுதுபோக்கேதான். ஆர்க்கிமிடீசின் விதி யாது எனக் கேட்டால் மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளை, இரும்பாணி மூழ்க இரும்புக் கப்பல் மிதப்பது ஏன் என்றால் விழிக்கிறது. மதிப்பெண் வந்துவிட்டது, இன்னும் என்ன வேண்டும் என்று நாமும் இருந்துவிடுகிறோம்.

கேட்வே படித்துறையிலிருந்து எலிபெண்டாவுக்குப் படகேறினால் விடை கண்முன் நிற்கிறது. நங்கூரமிட்ட கப்பல்களுள் சரக்கில்லாதது உயர்ந்து நிற்கும், சரக்கேற்றியது தாழ்ந்திருக்கும். தன் எடைக்கு ஒப்பான நீரை விலக்கும் வரையில் கப்பல் அமிழ்கிறது, அவ்வளவே விதி. சரக்குக் கப்பலின் பக்கவாட்டில் ஒரு வட்டமும், அதனை ஊடறுக்கும் கோடும், அருகே ஏணிபோற் சில கோடுகளும் உண்டு. அளவுக்கு மீறிச் சரக்கேற்றி மாலுமிகளைப் பலிகொடுத்த வணிகத்தை எதிர்த்துப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் சாமுவேல் பிளிம்சால் போராடியதன் பயன் அது, 1876இல் சட்டமாயிற்று. ஏணியில் நன்னீருக்கான கோடு, கோடைக்காலக் கடல்நீருக்கான கோட்டினும் மேலே இருக்கும். ஒரு லிட்டர் கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 25 கிராம் கூடுதல் எடையுள்ளது. ஆகவே ஆற்றுக்குள் நுழையும் கப்பல் சற்றே கூடுதலாக அமிழும். இதனை வீட்டிலேயே காட்டலாம்: இரண்டு குவளை நீர், ஒன்றில் தாராளமாக உப்பு, ஒரு முட்டை. முட்டை புழங்காத வீட்டில் உருளைக்கிழங்குத் துண்டு போதும்.

கப்பலைவிடப் பெரிய பாடம் ஓதம். சென்னையில் கடல் ஏறி இறங்கும் உயரம் ஏறக்குறைய 1 மீட்டர்தான். ஆதலால் நம் தலைமுறை அதனைக் கவனித்ததே இல்லை. இங்கோ அது 4 மீட்டரையும் தாண்டுவதுண்டு. ஹாஜி அலி தர்காவுக்குச் செல்லும் பாதை ஓதத்தில் மூழ்கி, வற்றத்தில் வெளிப்படுவதைப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதற்குக் கணக்குண்டென்று எவரும் சொல்லவில்லை. நாளிதழில் வரும் ஓத நேரத்தை, வீட்டில் தொங்கும் தமிழ் நாட்காட்டித் தாளிலேயே நாள்தோறும் குறிக்கச் சொல்வோம். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பிந்துவதும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மிக உயர்வதும் பதினைந்தே நாளில் தெரிந்துவிடும். பாட்டி விரதத்துக்குப் பார்க்கும் அதே தாள்!

இது வெறும் வேடிக்கைக் கணக்கன்று. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுருஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அன்று பிற்பகல் ஓதமும் உயர்ந்து நின்றது. கடல் மட்டம் வடிகாலின் வாயைவிட உயர்ந்துவிட்டால் மழைநீர் எங்கே போகும்? மித்தி ஆறு பெருகிற்று. அவ்வாற்றின் ஓரத்தில்தான் நம்மவர் பல்லாயிரவர் வாழும் தாராவி இருக்கிறது. வானத்தைப் பழித்தவர்கள் பலர். கடலையும் சேர்த்து எண்ணியவர்கள் சிலரே.

குறித்துப் பழகிய பிள்ளை, ஆடி மாதத்து அடைமழையில் வேலைக்குப் புறப்படும் தந்தையிடம், "அப்பா, நேற்றுப் பௌர்ணமி, ஒரு மணிக்கு ஓதம். முன்னதாகவே திரும்பிவிடுங்கள், இல்லையேல் மாலைவரை அலுவலகத்திலேயே இருங்கள்" என்று சொல்லும்.