பல்லாவரத்துக் கல்லும் எண்ணுதற்குரிய காசும்

தாம்பரத்தில் மின்சார இரயில் ஏறினால் மூன்றாம் நிலையம் பல்லாவரம். அவ்வழியே பன்முறை சென்றுள்ள நாம், இம்முறை ஒரு கல்லை நினைத்தே அங்கு இறங்கினோம்.

1863 மே 30 அன்று, நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்குள்ள சரளை மண்ணில் கற்கால மனிதனின் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். பாறைகளை ஆராய்வதே அவருக்கு அலுவல். கற்கருவி தேடியது சொந்த ஆர்வம். எடுத்த பொருளோடு எடுத்த இடத்தையும் குறித்து வைத்தமையால், பல்லாவரம் வரலாற்றில் இடம் பெற்றது. இன்று அங்குள்ள கடைவீதியில் இதனை அறிந்தோர் எத்தனை பேரோ!

இத்தகைய ஆர்வலர் இங்கிலாந்தில் மிகப் பலர். உழுத வயல்களிலும் தேம்ஸ் ஆற்றுச் சேற்றிலும் அவர்கள் மெல்லிய பித்தளை வட்டுகளை அடிக்கடி கண்டெடுக்கின்றனர். பார்வைக்குக் காசு, ஆனால் அதைக் கொடுத்து ஒரு ரொட்டியும் வாங்க இயலாது. கணக்கிடுவதற்கென்றே அச்சிட்டு அடித்தெடுத்த வட்டுகள் அவை. ரோமானிய எண்களைக் கொண்டு கூட்டுவதும் கழிப்பதும் பெரும்பாடு. ஆதலின் மேசைமேல் கோடுகள் இட்டு, ஒன்றுக்கு ஒரு கோடு, பத்துக்கு ஒரு கோடு, நூறுக்கு ஒரு கோடு என வட்டுகளை வைத்து நகர்த்தினர். 16-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரம் இவற்றை ஏராளமாகச் செய்து ஏற்றுமதி செய்தது. பிரான்சில் செய்யப்பட்ட பழைய வட்டுகள் சிலவற்றில் 'ஆவே மரியா கிராசியா பிளேனா' எனப் பொறித்திருப்பர். வரவு செலவு பார்க்கும் மேசையிலும் தேவ அன்னைக்கு வணக்கம்! பக்தியோ வெறும் வழக்கமோ, நாம் அறியோம்.

இவ்வட்டுகளை இறுதியில் வேலையிழக்கச் செய்தவை, அராபியர் வழியே ஐரோப்பா சென்ற நம் நாட்டு எண்களே.

நம் சென்னையிலோ தொல்லை வேறு விதம். இங்கே காசே எண்ணுவதற்கு அரிதாய் இருந்தது! பொன் பணம் என்பது விரலிடுக்கில் நழுவும் சிறு துணுக்கு. எனவே வணிகர், வரிசையாகக் குழிகள் குடைந்த மரப்பலகையைக் காசுக் குவியலில் அமிழ்த்தி அசைப்பர். குழிக்கு ஒன்றாய்ப் பணம் தங்கும். மிகுதியை வழித்துவிட்டால் எண்ணிக்கை முடிந்தது. கும்பினியார் கணக்கில் 42 பணம் ஒரு வராகன்.

தாம்பரம், சேலையூர், வண்டலூர்ப் பகுதிகளில் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போது இத்தகைய துணுக்கொன்று கிடைப்பின் என்ன ஆகும்? பொன்னாயின் தட்டான் கடைக்குப் போகும். பித்தளையாயின் பழைய இரும்போடு சேரும். எவ்வாறாயினும் எடுத்த இடம் மறைந்துபோகும். இங்கிலாந்தில் 1997 முதல் ஆர்வலர் தம் கண்டெடுப்புகளை இடத்துடன் பதிவு செய்ய ஏற்பாடு உள்ளது. நம் நாட்டிலும் 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதைபொருளைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். அரசு அதனை எடுத்துக்கொள்ள விரும்பின், உலோக மதிப்போடு அதில் ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுக்கலாம். இதனை அறியாமலே, அஞ்சி மறைப்பவர்தாம் பலர்.

ஃபூட் திரட்டிய கற்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அதே இரயிலில் அங்கும் போகலாம்.