பேத்தியின் மூக்குக் கண்ணாடி

போன மாதம் என் பேத்திக்குக் கண்ணாடி போட்டார்கள். வயது ஏழு. இரண்டு கண்ணிலும் மைனஸ் ஒன்றரை. கடையிலிருந்து கண்ணாடியோடு வெளியே வந்தவள், "தாத்தா, வேப்ப மரத்துல இலையெல்லாம் தனித்தனியா தெரியுது!" என்று குதித்தாள். எனக்குத் தொண்டை அடைத்தது.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். மூன்று வருடமாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவன் நான். பள்ளி விட்டு வந்ததும் கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து படிப்பாள், படம் வரைவாள், நான் சொல்லித்தரும் பிரெஞ்சு வார்த்தைகளை எழுதுவாள். எங்கள் தெருவில் பைக்குகள் பறக்கின்றன, வெளியே விடப் பயம். 'என் பேத்தி எப்போதும் புத்தகமும் கையுமாகத்தான் இருப்பாள்' என்று பெருமை வேறு.

கண் டாக்டர் அம்மாவிடம், "செல்போனாலயாம்மா?" என்று கேட்டேன். "கிட்ட வச்சுப் பார்க்கிறதும் ஒரு காரணம்தான் ஐயா. பகல்ல எவ்வளவு நேரம் வெளியே விளையாடுறா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். வளரும் வயதில் கண்விழி அளவுக்கு மீறி நீண்டுவிட்டால், தூரத்துக் காட்சி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடும். அதுதான் கிட்டப்பார்வை. பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் சுரக்கிறது, அது இந்த நீட்சியை மட்டுப்படுத்துகிறது என்று கருதுகிறார்கள். வீட்டு விளக்கின் வெளிச்சம் சில நூறு லக்ஸ்தான். வெளியே மர நிழலில்கூடப் பல ஆயிரம் லக்ஸ் இருக்கும். வெயிலில் காய வேண்டியதில்லை.

பிறகு நானும் தேடிப் படித்தேன். சீனாவின் குவாங்சோ நகரில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நாட்களில் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்திருக்கிறார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் நூற்றுக்குச் சுமார் 30 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் சுமார் 40 பேருக்கு. இந்த ஆய்வு 2015இல் வெளியானது. தைவானில் 2010 முதல் தினமும் 120 நிமிடம் வெளியே இருக்க வைக்கும் திட்டமே இருக்கிறது.

நான் படித்த பிரெஞ்சுப் பள்ளியில் 'ரெக்ரெயாசியோன்' மணி அடித்துவிட்டால் வகுப்பில் ஒருவரும் இருக்கக் கூடாது. புத்தகத்தோடு ஒளிந்திருந்தாலும் மேத்தர் விரட்டுவார். எங்கள் வகுப்பில் கண்ணாடி போட்டவன் ஒரே ஒருவன். 'மியோப்' என்று அவனைக் கேலி செய்வோம். இப்போது என் பேத்தியின் வகுப்பில் எத்தனை கண்ணாடிகள்!

"வந்த கிட்டப்பார்வை வெளியே விளையாடுவதால் போகாது. வராத பிள்ளைக்கு அது வராமல் தடுக்கலாம், தள்ளியாவது போடலாம்" என்றார் டாக்டர். பேரனுக்கு ஐந்து வயது. அவன் விஷயத்திலும் தவற விட எனக்கு மனமில்லை.

இப்போது காலை ஆறேகாலுக்கு நாங்கள் மூவரும் புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருக்கிறோம். ஏழரை வரை அங்கே வண்டிகளுக்கு அனுமதி இல்லை. மாலை நாலரைக்குப் பாரதி பூங்கா. பிரெஞ்சுப் பாடமும் அங்கேதான். 'பத்தோ' என்றால் படகு. கடலில் யார் முதலில் படகைக் கண்டுபிடிப்பது என்று இருவருக்கும் போட்டி. நேற்று அக்காதான் ஜெயித்தாள். கண்ணாடியோடுதான்.

பேரப்பிள்ளைகளை வளர்க்கும் நண்பர்களே, பிள்ளை வீட்டோடு இருக்கிறது என்று என்னைப்போல் பெருமைப்படாதீர்கள்.