இருபத்தைந்தாம் நாள்

குளத்தில் மிதக்கும் தாமரை இலைகளின் பரப்பு நாள்தோறும் இரட்டிப்பாகிறது. 30-ஆம் நாள் குளம் முழுதும் மூடிவிடும் என்றால், பாதிக்குளம் மூடியிருந்தது என்றைக்கு? ‘15-ஆம் நாள்’ என்று வாய் முந்திக்கொள்ளும். விடை 29. ‘வளர்ச்சியின் எல்லைகள்’ என்று 1972-இல் வெளியான நூல் இந்தப் புதிரை உலகெங்கும் கொண்டுபோனது.

என் மனம் நிற்பது 25-ஆம் நாளில். அன்று மூடியிருப்பது 32-இல் ஒரு பங்குதான், சுமார் 3 சதவீதம். கரையில் போகிறவர் கண்ணுக்கு மூலையில் கொஞ்சம் பச்சை தெரியும், அவ்வளவே. அதற்காக யாரும் மனு எழுத மாட்டார்கள்.

புதிர் கற்பனை; ஆகாயத்தாமரை கற்பனையல்ல. தாமிரபரணிப் பக்கம் அமலைச்செடி என்பார்கள். தென் அமெரிக்காவில் பிறந்த இதை, ஊதாப் பூவின் அழகுக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுபோனார்கள். வங்கத்தில் படகுத் தடங்களையும் நெல்வயல்களையும் அது அடைத்துக்கொள்ள, 1936-இல் அதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. விதைக்காகக்கூட அது காத்திருப்பதில்லை. தாய்ச்செடியிலிருந்து தண்டு ஓடிப் பக்கத்திலேயே கன்று விடும். சாக்கடை கலந்த தண்ணீரும் நல்ல வெயிலும் சேர்ந்தால், ஒன்றிரண்டு வாரத்தில் பரப்பு இரட்டிப்பாகும்.

இப்போது புதிரைத் திருப்பிப் போடுவோம். ஏரியைச் செடி முழுதும் மூடியபின் பொக்லைன் வைத்து நூற்றில் 99 பங்கை வாரிவிடுகிறார்கள். நல்ல வேலைதான். ஓரத்தில் ஒரு பங்கு மிச்சம். அது 2, 4, 8, 16, 32, 64 என்று போய், ஏழாவது இரட்டிப்பு முடியுமுன் ஏரியை மறுபடி மூடிவிடும். இரண்டு வாரத்துக்கு ஓர் இரட்டிப்பு என்றால் மூன்று மாதம். பாதியை மட்டும் வாரினால் கிடைப்பது இரண்டே வாரம்! நெருக்கம் கூடும்போது வளர்ச்சி மட்டுப்படும் என்பது உண்மை. ஆனால் நாம் வாரி இடம் விட்டதும் மிச்சச் செடி வேகம் பிடிக்கிறது. சேற்றில் கிடக்கும் விதைகளோ பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும்.

ஆகவே ஒப்பந்தத்தை ‘அகற்றுதல்’ என்று ஒருமுறைக்குப் போடாமல் ஆண்டு முழுதும் பராமரிக்கப் போட வேண்டும் என்பேன். வாரிய மறுவாரமே பரிசலில் ஆள் இறங்க வேண்டும். கண்ணில் பட்ட கன்றையெல்லாம் வாராவாரம் கையால் பிடுங்க வேண்டும். சாக்கடை வந்து விழும் வாய்க்கால் முகத்திலிருந்து தொடங்கட்டும். சத்து இறங்குவது அங்கேதான், செடி முதலில் தழைப்பதும் அங்கேதான்.