நான் எழுதிய நாலு பக்கம்

மனு எழுதுவதில் வல்லவன் என்று எனக்கு ஒரு காலத்தில் பெயர் இருந்தது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில், புக்கிட் ரோத்தானை அடுத்த தோட்டமொன்றிலே வளர்ந்தவன் யான். பால்மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்துவிட்ட அந்நாளிலும், எங்கள் மனுவின் நடை மட்டும் வெள்ளைக்காரத் துரை காலத்திலேயே நின்றிருந்தது. மொழி மலாய் ஆயிற்று. வளைந்த முதுகு நிமிரவில்லை. மேன்மை தங்கிய, கருணை மிகுந்த, தாள்பணிந்து என்று தொடங்கினால் முதற்பக்கம் முடியும்வரை விஷயம் தலைகாட்டாது. அதையே நல்ல மனு என்றார்கள், நானும் நம்பினேன்.

எங்கள் லயத்தில் கணவனையிழந்த அம்மையார் ஒருவர் இருந்தார். அவர் மகனின் பிறப்பு உரிய காலத்தில் பதியப்படவில்லை. அதனால் பன்னிரண்டு வயதில் எடுக்கவேண்டிய அடையாளக் கார்டு தடைபட்டது. காலங்கடந்தேனும் பதிந்து தருமாறு ஓர் அலுவலகத்திற்கு நாலு பக்கம் எழுதினேன். கணவர் இறந்த விதம், குடும்பத்தின் கடன், பையனின் நற்குணம் யாவும் அதில் இருந்தன. கேட்க வேண்டியதோ மூன்றாம் பக்கத்தின் அடியிலே கிடந்தது. சில மாதங்கழித்துப் பதில் வந்தது: உதவித்தொகை வேண்டுவோர் வேறிடத்திற்கு எழுதவேண்டுமாம்! அந்த அலுவலரை வாய் வலிக்க வைதேன். பையனுக்கு ஓராண்டு வீணாயிற்று.

படையில் சார்ஜனாயிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் அந்நகலை வாங்கிப் படித்தார்.

"தம்பி, இதைப் படிக்கிறவர் என்ன செய்யவேண்டும்?"

சொன்னேன்.

"அதை முதல் வரியில் எழுதாமல் யாருக்காக ஒளித்து வைத்தாய்?"

படைக் கட்டளைக்கு ஒரு வரிசை உண்டு என்று அவர் விளக்கினார். நிலைமை, ஆற்றவேண்டிய காரியம், ஆற்றும் முறை, உணவும் தளவாடமும், தலைமையும் செய்தித் தொடர்பும். வாய்மொழியாகக் கட்டளையிடுகையில் காரியத்தை ஒரே வாக்கியத்தில், அதுவும் இருமுறை சொல்வார்களாம். மழையில் நனைந்து, உறக்கம் கெட்டுக் கிடப்பவனுக்கும் விளங்கவேண்டுமல்லவா?

தாள் விளங்காவிட்டால் நேர்வது என்ன என்பதற்கும் அவர் தூரதேசம் போகவில்லை. 1942 ஜனவரித் தொடக்கத்தில் ஜப்பானியர் படகேறி எங்கள் கோலசிலாங்கூர்க் கரைக்கே வந்தார்கள். அடுத்த மாதம் சிங்கப்பூரில் போர். முன்வரிசையைக் காக்க இயலாமற்போனால் நகரைச் சுற்றி எங்கே நிற்பது என்று ஜெனரல் பெர்சிவல் ஒரு திட்டம் வகுத்து மேலதிகாரிகளுக்கு அனுப்பினார். "இயலாமற்போனால்" என்பதே அதன் உயிர்நிலை. அத்திட்டம் கீழே இறங்கி, பிப்ரவரி 10ஆம் தேதி ஆஸ்திரேலியப் படைப்பிரிவொன்றின் தலைவர் டெய்லர் கையை அடைந்தபோது, உடனே பின்வாங்கும் கட்டளையாக அவருக்குப் பொருள்பட்டது. அவர் பின்வாங்கினார். 15ஆம் தேதி சிங்கப்பூர் சரணடைந்தது. அந்த ஒரு தாளால்தான் வீழ்ந்தது என்று யான் சொல்லேன். வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும் அன்று காலை அவ்வரிசையைக் குலைத்தது பீரங்கி மட்டுமன்று.

பிற்பாடு இதுபற்றித் தேடிப் படித்தேன். 1940 ஆகஸ்டு 9இல், பிரிட்டன் தனித்து நின்ற நெருக்கடியில், சர்ச்சில் தம் அரசாங்கத்தாருக்குச் சுருக்கமாக எழுதுங்கள் என்று ஒரு குறிப்பு விடுத்தார். முக்கியமானவை சிறுசிறு பத்திகளில் வரவேண்டும். விவரமும் புள்ளிக்கணக்கும் பின்னிணைப்புக்குப் போகவேண்டும். அவர்மீது நமக்குள்ள மனக்குறைகள் அநேகம்; இந்தக் குறிப்பில் மட்டும் குறை காணேன்.

மறுபடி எழுதினேன். முதல் வரியில் வேண்டுகோள். அடுத்து, பையன் பிறந்த தேதியும் இடமும். பிறகு, இணைத்துள்ள பத்திரங்கள் எவை என்பது. அரைப் பக்கத்தில் முடிந்தது. உண்மையில் நாலு பக்கத்தைவிட அதற்கே அதிக நேரம் பிடித்தது, ஏனெனில் எது தேவை என்று முதலில் எனக்கே தெரியவேண்டியிருந்தது.

அம்மையார் தாளைப் புரட்டிப் பின்பக்கம் வெறுமையாயிருப்பதைக் கண்டார். "இவ்வளவுதானா, தம்பி? என் கஷ்டம் ஒன்றையும் காணோமே" என்றார். அவர் மனத்தை ஆற்றுவதுதான் கடினமாயிருந்தது. இரண்டாவது தாளில் அவர் கதையைத் தனியே எழுதி, இணைப்பு என்று தலைப்பிட்டு அடியில் சேர்த்தேன்.

மூன்றாம் வாரம் பதில் வந்தது. இன்ன தேதியில், இன்ன பத்திரங்களோடு, தாயும் மகனும் நேரில் வரவேண்டும் என்றிருந்தது. அதுவும் அரைப் பக்கந்தான்.